அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி

நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் போன கிழமை ஒரு கேள்வி ஓடியதே, கவனித்தீர்களா? "பாரிஸில் நீ முதன்முதல் இருந்து சாப்பிட்ட ரெஸ்டோரன்ட் எது?" சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பின்வாங்கில் இருந்து அலட்டின கூட்டம் முழுக்க ஒரே பதில்தான்: பேர்கர் கடை. ஒருத்தி மட்டும் லா சப்பலில் தோசை என்று எழுதினாள். நான் "நைஜீரியன் கடை" என்று போட்டேன். உடனே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. "பொய் சொல்லாதை" என்றான் ஒருவன். "நீ எப்பவும் இப்பிடித்தான், எல்லாத்திலையும் வித்தியாசம் காட்டோணும்" என்றாள் இன்னொருத்தி.

பொய்யும் இல்லை, வித்தியாசம் காட்டவும் இல்லை. போனில் விரலால் தட்டி முடிக்கிற கதையும் அல்ல, அதனால்தான் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். முப்பதைத் தொடப் போகிறோம். சொந்தக்காரப் பொடியள் நம்மைப் பார்த்துப் பிரெஞ்சில் "கிழடுகள்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சரி, கிழடுகள் என்றால் பழங்கதை சொல்லத்தான் செய்வார்கள். இருந்து கேளுங்கள்.

அது 2009. வன்னியில் சண்டை முடிந்த வருடம். எனக்குப் பத்து வயது. அந்தக் கோடை உங்கள் வீடுகளிலும் எப்படிக் கிடந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடு சார்செலில், எட்டாம் மாடியில். அப்பா, அம்மா, நான், மாமி. மாமி அப்பாவின் அக்கா. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, எங்களோடுதான் இருந்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் கீழே ஒரேயொரு தம்பி. அவர்தான் என் சித்தப்பா. வன்னியில் இருந்தார்.

சித்தப்பாவை நான் நேரில் கண்டதே இல்லை. எனக்கு அவர் ஒரு குரல்தான். போன் எடுத்தால் படிப்பைக் கேட்க மாட்டார், சுகம் கேட்க மாட்டார். "இண்டைக்கு என்ன கறி, பிள்ளை?" என்பார். நான் கோழி என்றால் "ம்ம்" என்பார். ஆட்டிறைச்சி என்றால் அந்தப் பக்கம் நாக்கைச் சப்புக்கொட்டுவது கேட்கும். "கொப்பருக்குச் சொல்லு, எனக்கும் ஒரு துண்டு எடுத்து வைக்கட்டாம்." சித்திரையில் யாருடையதோ போனில் கொஞ்ச நேரம் கதைத்தார். அன்றைக்குக் கறியைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு போன் வரவே இல்லை. முகாம்களில் தேடச் சொன்னார்கள், ஆஸ்பத்திரிகளில் கேட்கச் சொன்னார்கள். செத்ததைக் கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை, உயிரோடு கண்டேன் என்று சொல்லவும் ஆளில்லை.

ஆனி மாதம் ஒருநாள் காலையில் மாமி குசினிக்குள் போய் மச்சச் சட்டியை எடுத்தார். நம்முடைய வீடுகளில் மீனுக்கும் இறைச்சிக்கும் என்று தனியாக ஒரு சட்டி இருக்குமே, அது. மூன்று தரம் தேய்த்துக் கழுவி, துடைத்து, பேப்பரில் சுற்றி, அலுமாரிக்கு மேலே ஏற்றினார்.

"இனி இந்த வீட்டிலை மச்சம் இல்லை" என்றார்.

அப்பா சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் அக்கா?"

"ஏனோ? செத்தவீட்டிலை மச்சம் காய்ச்சிறதே?"

"இஞ்சை ஆர் செத்தது?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பருப்பு ஊறப் போட்டார்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். செத்தவீடு என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் மரக்கறிதான். அந்தியேட்டி முடிந்தால் ஆத்மா ஒரு கரை சேர்ந்தது, வீட்டுக்காரர் பழையபடி மீன் சட்டியை ஏற்றலாம். மாமி கோயில் ஐயரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். செத்த நாள் தெரியாவிட்டால் அமாவாசையில் செய்யலாமாம். ஆனால் செய்ய வேண்டியது அண்ணன். அண்ணன்காரன் ஒரே சொல்லில் "மாட்டன்" என்றுவிட்டார். அந்தியேட்டி நடக்கவில்லை, அதனால் மரக்கறியும் முடியவில்லை. கத்தரிக்காய், பூசணிக்காய், பருப்பு, திரும்பவும் கத்தரிக்காய். எனக்குச் சித்தப்பாவில் இருந்த கவலையை விடக் கத்தரிக்காயில் இருந்த வெறுப்புத்தான் அப்போது கூட.

அப்பாவுக்குக் கோப்பை கழுவுகிற வேலை. ஒப்பேரா பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரன் கடையின் நிலக்கீழ் அறையில். ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமைகளில் கிழமைச் சாமான் வாங்க லா சப்பலுக்குப் போவோம், அப்பாவும் நானும். ரெயிலில் கார் து நோர், அங்கிருந்து நடை. முந்தி என்றால் அந்தத் தெருவை அப்பாவோடு கடக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு "எப்பிடி அண்ணை?", ஒரு பிளேன்ரீ, ஒரு ஊர்க்கதை. அந்தக் கோடையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். ஒன்றின் மேல் ஒன்று, பழையது காய முன்னம் புதியது. நான் எழுத்துக் கூட்டிப் பேர் வாசிப்பேன். அப்பா என் கையை இழுத்துக்கொண்டு போவார்.

எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "அண்ணை, தம்பியின்ரை சேதி ஏதும்..."

"இன்னும் இல்லை."

"ம்... கடவுள் விட்ட வழி." அவர்களுக்கும் வேறு சொல் இல்லை, பாவங்கள். அப்பாவுக்கு மட்டும் அந்தச் சொல்லைக் கேட்டதும் கழுத்து நரம்பு புடைக்கும். பிறகு பிறகு அவர் மெத்ரோத் தூணுக்கு மறைவில் நின்றுகொண்டு மரக்கறிக் கடைக்குள் என்னை அனுப்பத் தொடங்கினார்.

ஒருநாள் பையோடு வெளியே வந்தேன். "பசிக்குதோ?" என்றார். தலையாட்டினேன். மட்டன் ரோல்ஸ் என்று நாக்கில் எச்சில் ஊறியது. மனிதர் தமிழ்க் கடைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினார். மேம்பாலத்துக்குக் கீழே நடந்தோம். தலைக்கு மேலே மெத்ரோ, காலுக்குக் கீழே கார் து நோருக்குப் போகிற ரெயில்கள். அந்தப் பாலத்தைத் தாண்டினால் நம்முடைய சனத்தின் வாசமே இல்லை. ஆபிரிக்கத் துணிக்கடைகள், தலைமயிர் பின்னுகிற கடைகள், நிலத்தில் பெட்டி பெட்டியாக மரவள்ளிக்கிழங்கும் வெண்டிக்காயும். ஒரு சின்னத் தெருவில், கண்ணாடி முழுக்க ஆவி படிந்த ஒரு கதவைத் தள்ளினார். அப்பாவோடு கோப்பை கழுவுகிற நைஜீரியாக்காரர் ஒருவர் முன்னம் காட்டிக் கொடுத்த கடை.

ஐந்தாறு மேசைதான். அன்னாசிப்பழம் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. மூலையில் ஒரு டிவி, அதில் எந்த ஞாயிறு போனாலும் யாரோ ஒரு மாமியார் யாரோ ஒரு மருமகளைத் திட்டிக்கொண்டிருப்பார். கடைக்கார அம்மா கல்லாவுக்குப் பின்னால் இருந்து அந்த மாமியாரைப் பேசிப் பேசியே அவரைக்கொட்டையை மேசையில் கொட்டிக் கல் பொறுக்குவார். நல்ல உயரம், நல்ல பருமன், தலையில் நீலத் துணிக் கட்டு, சங்கிலியில் தொங்குகிற மூக்குக் கண்ணாடி. அப்பா அவரை "மடம்" என்றார், பிரெஞ்சு "மதாம்" அவர் வாயில் அப்படித்தான் வரும். மடத்தின் பிரெஞ்சில் முக்கால்வாசி இங்கிலீசு. அப்பாவின் இங்கிலீசில் முக்கால்வாசி பிரெஞ்சு. இரண்டு பேரும் கதைத்தால் பிரெஞ்சுக்காரனுக்கும் விளங்காது, இங்கிலீசுக்காரனுக்கும் விளங்காது. அவர்களுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது.

"ஆடு" என்றார் அப்பா, முதலில் தமிழிலேயே. பிறகு இங்கிலீசில்.

அவ்வளவுதான் கேட்டார். வந்தது பெரிய ஒரு கோப்பையில் எகுசி. பூசணி விதை போல ஒரு விதையை அரைத்துக் கீரையோடு காய்ச்சின குழம்பு, மேலே சிவப்பாகப் பாம் எண்ணெய், உள்ளே கருவாட்டு மணம், எலும்போடு ஆட்டுத் துண்டுகள். பக்கத்தில் ராசவள்ளி மாதிரி ஒரு கிழங்கை அவித்து இடித்த வெள்ளைக் களி, உருட்டி வைத்திருந்தார்கள். சாப்பிட முன்னம் மடம் ஒரு எனாமல் சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார், கை கழுவ. கரண்டி தரவில்லை. எனக்கு மனது குளிர்ந்துபோய்விட்டது. பள்ளிக்கூடக் கன்டீனில் முள்ளுக் கரண்டியோடு மல்லுக்கட்டிய பிள்ளை நான்.

பிறகு என்ன, நாங்கள் நம்முடைய புத்தியைக் காட்டினோம். அப்பாவும் மகளும் களியைப் பிய்த்துக் குழம்புக்குள் போட்டு, பிட்டும் சொதியும் குழைக்கிற மாதிரி ஐந்து விரலாலும் நல்லாய்ப் பிசைந்துகொண்டு இருந்தோம். மடம் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி மறுபடி பார்த்தார். "நோ நோ நோ!" என்று கத்திக்கொண்டு அவரைக் கொட்டையை விட்டுவிட்டு ஓடி வந்தார். பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பிவிட்டன. கையைக் கழுவி, என் தட்டில் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, பெருவிரலால் ஒரு குழி போட்டு, குழம்பை அள்ளி என் வாயில் வைத்தார். நான் மெல்லத் தொடங்க, என் தாடையைப் பிடித்து நிறுத்தினார். மெல்லக் கூடாதாம். விழுங்க வேண்டுமாம்.

"விழுங்கிறதெண்டா பிறகென்னத்துக்கு ஆண்டவன் பல்லைத் தந்தவன்?" என்றார் அப்பா தமிழில். மாதக்கணக்கில் அவர் சொன்ன முதல் பகிடி அது. மடத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனோம். மிளகுத் தண்ணி மாதிரி உறைப்பாக ஒரு ஆட்டு சூப் வைப்பார்கள், நம்முடைய ரசத்தில் ஆடு விழுந்த மாதிரி இருக்கும். தக்காளிச் சோறு போல ஜொலோஃப். பொரித்த வாழைப்பழம். எனக்குக் கறுப்பு நிறத்தில் ஒரு மோல்ட் சோடா, கசப்பும் இனிப்புமாக. அப்பா எதை மாற்றினாலும் ஆட்டை மாற்ற மாட்டார். ஆறுதலாகச் சாப்பிடுவார். எலும்பைத் தட்டி உள்ளிருக்கிறதை உறிஞ்சுவார். நான் களியையே விழுங்கிக்கொண்டு இறைச்சியை ஓரத்தில் ஒதுக்கினால் மட்டும் குரல் மாறும். "இறைச்சியைத் தள்ளி வைக்கக் கூடாது. சாப்பிடு." எனக்காகத்தான், கத்தரிக்காயில் இருந்து என்னைக் காப்பாற்றத்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். எத்தனை பெரிய மனிதர் என் அப்பா என்று பெருமையாகவும் இருந்தது.

"மாமியிட்டைச் சொல்லலாமோ?" என்று கேட்டேன்.

"கேட்டாச் சொல்லு. கேக்காட்டில் சொல்லாதை."

மாமி கேட்கவில்லை. அம்மா கேட்டார். பாம் எண்ணெய் மணம் சவர்க்காரத்துக்குப் போகாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அம்மா என் சட்டையை மோந்துபார்த்துவிட்டு என்னைக் குளியலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. எங்கை போறனீங்கள்?"

சொன்னேன்.

"கடை நடத்திறது ஆர்?"

"ஒரு மடம்."

அம்மாவின் முகம் ஒரு மாதிரிப் போனது. "வடிவோ?"

யோசித்தேன். "ஓம், வடிவுதான்."

"ஐயோ கடவுளே. கொப்பரோடை சிரிச்சுக் கதைக்கிறவவோ?"

"ஓம், நல்லாச் சிரிப்பா. அவவின்ரை பேரன் என்னைவிடப் பெரிசு."

அம்மா குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தார். "உதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்தானே, மூதேவி" என்று என் தலையில் ஒரு குட்டுக் குட்டிவிட்டுப் போய்விட்டார். இரவில் அப்பாவிடம் ஏதோ கேட்டார், அப்பா ஏதோ சொன்னார். அடுத்த ஞாயிறு அம்மா எனக்கு மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துத் தந்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று இப்போது தெரிகிறது. எனக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பாலத்துக்கு அந்தப் பக்கம் நம்முடைய சனம் இல்லை என்று அப்பா நினைத்தது அவருடைய பேதைமை. யாரோ கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார்கள். "தம்பி என்ன ஆனானெண்டு தெரியாமல் கிடக்கு, தமையன் இருந்து ஆடு வெட்டுறார்" என்று கதை லா சப்பல் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. கல்நெஞ்சன் என்றார்கள். வெளிநாட்டுக் காசு மனிசனை மாற்றிப்போட்டுது என்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமி ஒரு முடிவெடுத்தார். அந்தியேட்டிதான் இல்லை, ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸாவது தம்பிக்கு வேண்டாமோ? ஊரில் உள்ள எல்லாரும் சுவரில் சிரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் ஒன்றுமில்லாமல் போவதோ? ஒரு ஞாயிறு, நாங்கள் வெளிக்கிட்ட பிறகு, சித்தப்பாவின் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு லா சப்பலில் நோட்டீஸ் அடிக்கிற கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம். "அக்கா, உங்கடை மூத்த தம்பியாருக்கு இது தெரியுமோ? அவர் உந்தப் பாலத்துக்கு அங்காலை ஆபிரிக்கன் கடையிலை எலும்பு சூப்பிறாராம்."

நாங்கள் அன்றைக்கு உறைப்புச் சூப்போடு இருந்தோம். கதவு திறந்தது. சேலையும், மேலே கோட்டும், கையில் கைப்பையுமாக மாமி நின்றார். எனக்கு மோல்ட் சோடா மூக்கில் ஏறிவிட்டது.

"இதுக்கோடா? ஞாயிறு ஞாயிறாய் இதுக்கோடா வந்தனி?" மாமிக்கு மூச்சு வாங்கியது. "கூடப்பிறந்தவன் எரிஞ்சானோ புதைஞ்சானோ தெரியேல்லை. நீ இஞ்சை இருந்து எலும்பு சூப்பிறாய். உனக்கு வெக்கமில்லையே?"

டிவிச் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். அப்பா எழும்பவில்லை. கையில் இருந்த எலும்பைத் தட்டில் வைத்தார்.

"அதுதான் அக்கா. தெரியேல்லைத்தானே" என்றார்.

"என்ன?"

"எரிஞ்சானோ புதைஞ்சானோ தெரியேல்லை எண்டு நீங்களே சொல்லுறியள். பிறகு என்னத்துக்கு மச்சச் சட்டியைக் கட்டி வைச்சியள்?" அப்பாவின் குரல் உயரவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "நான் மச்சத்தை விட்டா அவன் செத்தவன் எண்டு ஒத்துக்கொண்டது. நீங்கள் விட்டிட்டியள். நானும் விட்டிட்டா அவனுக்கு ஆர் இருக்கினம்?"

அந்த நேரத்தில் மடம், இது என்ன சண்டை, யார் இந்த மனுஷி என்று ஒன்றும் தெரியாமல், புதிதாக ஒரு விருந்தாளி வந்துவிட்டார் என்று எனாமல் சட்டியில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துக் கதிரையை இழுத்துவிட்டார். மாமி இருந்துவிட்டார். பழக்கதோஷத்தில் கையையும் கழுவிவிட்டார். கழுவின கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"இருக்கிறவன் எண்டா ஒரு போன் எடுக்க மாட்டானேடா?" என்றார், சின்னக் குரலில்.

"எடுக்க ஏலாத இடத்திலை இருக்கிறானாக்கும்."

மாமி என் சூப்புக் கோப்பையில் இருந்து ஒரு துண்டு ஆட்டை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் வைத்தார், மென்றார், திரும்பத் திரும்ப மென்றார். அவருக்கு அது இறங்கவில்லை. கடைசியில் கடதாசியில் துப்பி, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கண்ணீர் நாடி வரை ஓடியது.

"என்னாலை ஏலேல்லையடா, தம்பி. எனக்கு அவன் போயிட்டான் எண்டுதான் மனசு சொல்லுது."

"சரி அக்கா."

"நோட்டீஸ் அடிக்கேல்லை. நீ உன்ரை பாட்டிலை தின்."

"சரி."

அதுதான் அவர்களுக்குள்ளே நடந்த ஒப்பந்தம். அதற்குப் பிறகு அதைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைக்கவில்லை. மாமி மரக்கறியோடு இருந்தார், அப்பா ஞாயிறு தவறாமல் ஆட்டோடு இருந்தார். மாமியின் பக்கத்தில் சித்தப்பா செத்திருந்தார், அப்பாவின் பக்கத்தில் உயிரோடு இருந்தார். ஒரே மேசையில் இருந்துதான் சாப்பிட்டார்கள்.

அப்பா அன்று கடையில் சொன்னது எனக்குள் இறங்க ஒன்பது வருடம் எடுத்தது. பத்தொன்பது வயதில், யூனிவர்சிட்டிக்குப் போன கையோடு, நானும் சிநேகிதிகளைப் பார்த்து மச்சத்தை விட்டேன். பூமி, மிருகம் என்று வீட்டில் ஒரு பிரசங்கமும் வைத்தேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். "இந்த வீட்டிலை ஆர் செத்தது? சொல்லு, ஆர் செத்தது?" என்று கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். மாமிதான் சமாளித்தார். "கத்தாதை. அவள் ஆட்டுக்காக அழுகிறாளாம். எனக்கும் சோறு தின்ன ஒரு துணை வேணும்தானே." அன்றைக்கு இரவு படுக்கையில் கிடந்துதான் அந்த ஞாயிறுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எழும்பிப் போய் அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. குசினி வரை போய்த் திரும்பி வந்து படுத்தேன்.

மாமி சில வருடங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்தோம். உங்களுக்குத் தெரியும், அதில் சகோதரர் பேர் எல்லாம் வரும், இல்லாதவருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவார்கள். கடைக்காரர் அனுப்பிய மாதிரியில் சித்தப்பாவின் பேருக்கு முன் அந்தச் சொல் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "உந்தச் சொல்லை எடுக்கச் சொல்லு" என்றார். நான் போன் எடுத்தேன். "தங்கச்சி, இவ்வளவு காலமாய்ப் போச்சு..." என்று கடைக்காரர் இழுத்தார். "அப்பா எடுக்கச் சொல்லுறார், அண்ணை" என்றேன். எடுத்தார். அடியில் தொடர்புக்கு என்று அப்பாவின் பேர், பிரான்ஸ், நம்பர். அதன் கீழே சித்தப்பாவின் பேர், இலங்கை. நம்பர் இல்லை. லா சப்பல் சுவரில் அது ஒரு மாதம் இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாமிக்காக அப்பா முப்பத்தொரு நாள் மரக்கறி சாப்பிட்டார். அது அக்காவுக்காக மட்டும்தான் என்று வந்தவர் போனவருக்கெல்லாம், கேட்காமலே சொல்லிக்கொண்டு இருந்தார்.

மடத்தின் கடை இப்போது இல்லை. மகளோடு லண்டனுக்குப் போய்விட்டாராம். அந்த இடத்தில் போன் திருத்துகிற கடை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று கண்ணாடிக்குள் பார்ப்பேன். எனக்கு அந்த ஆவி படிந்த கதவு வேண்டும், என் தாடையைப் பிடித்த அந்தக் கை வேண்டும், தமிழில் பகிடி விட்ட அந்த அப்பா வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சில நேரம் அந்தப் பாலத்தில் நின்று அழுதும் இருக்கிறேன்.

போன மாரியில் அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. நெஞ்சுக் குழாய்க்குள் வலை வைத்து அனுப்பினார்கள். டொக்டர் ஒரு இளம் பிள்ளை, அன்பாகத்தான் சொன்னார்: ஆடு, மாடு இனி வேண்டாம். அப்பா என் பக்கம் திரும்பினார். "கிழமைக்கு ஒருக்காவும் கூடாதோ எண்டு கேள்." கேட்டேன். கூடாது என்றார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். நான்கைந்து ஞாயிறு ஜன்னலோரம் இருந்து வெளியே பார்த்தார். அம்மா கோழி வைத்துக் கொடுத்தார், மீன் வைத்துக் கொடுத்தார். மச்சம்தானே, அதுவும் மச்சம்தானே என்று சொல்லிப் பார்த்தார். மனிதர் சாப்பிட்டார். முகம் தெளியவில்லை. அவருக்குத் தம்பி என்றால் ஆடுதான்.

போன கிழமைக்கு முந்தின ஞாயிறு எனக்குப் போன் வந்தது. "வெளிக்கிடு" என்றார், அவ்வளவுதான். லா சப்பல் மெத்ரோவடியில் தொப்பியோடு நின்றார். பாலத்துக்குக் கீழே நடந்தோம். இரண்டு தரம் நின்று மூச்சு எடுத்தார். மடத்தின் தெருவுக்கு அடுத்த தெருவில் புதிதாக ஒரு நைஜீரியன் கடை, இளம் புருஷனும் பெண்சாதியும் நடத்துகிறார்கள். மரமேசை, செடிகள், போனில் படம் பிடித்துப் பார்க்கிற மெனு. கை கழுவ மூலையில் ஒரு பேசின்.

அப்பா மெனுவைப் பார்க்கவில்லை. எகுசியும் களியும், ஆட்டோடு, ஒன்று என்றார். எனக்கு என்ன என்று கேட்கவும் இல்லை. வந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து கோப்பைக்கு முன்னால் இருந்தார். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு விரலையும் வைக்கவில்லை. பிறகு கோப்பையை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு, பிள்ளை."

"அப்பா, நான் மச்சம் சாப்பிடுறேல்லை எண்டு தெரியும்தானே."

"தெரியும்."

என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சித்தப்பா உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. மாமியின் பக்கம்தான் நான், எப்போதோ அந்தப் பக்கம் போய்விட்டேன். ஆனால் அப்பாவின் பக்கத்தில் இப்போது ஆளில்லை. அவருக்கும் சாப்பிட ஏலாது. நான் எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். களியைக் கிள்ளி உருட்டினேன். ஆட்டுத் துண்டு ஒன்றை எடுத்து வாயில் வைத்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அது நாக்குக்கு மரக்கட்டை மாதிரி இருந்தது. மென்றேன். இறங்கியது. அடுத்ததை எடுத்தேன். கோப்பை காலியானதும் அப்பா எழும்பிப் போய்க் காசு கொடுத்தார்.

வெளியே வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறும் வாறியோ?"

"ஓம், அப்பா" என்றேன்.